காது பார்க்கிறவர்

அந்த ஆளை நான் நம்பியதே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை நல்லவன் என்று நினைத்து ஏமாற வேண்டாம். ஆறு வருடம் என் கடைக்குத் தவணை வசூல் செய்துகொடுத்தார். ஒரு வாரம்கூட கணக்கில் ஒரு ரூபாய் குறைந்ததில்லை. எனக்குச் சந்தேகம் வந்ததே அதனால்தான். எங்கேயோ பெரிதாக அடிக்கிற ஆள்தான் சின்னதில் இவ்வளவு சுத்தமாக இருப்பான் என்று நினைத்துக்கொள்வேன்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் பெண்பிள்ளை எதிரே வந்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டார், காதைப் பார்ப்பார். பார்த்துவிட்டு உடனே கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். தெரியாதவர்கள் பார்த்தால் கூச்ச சுபாவம் என்று சொல்வார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே நான் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க அண்ணாச்சி, பொம்பளைங்க காதையே பாக்கறீங்களே, ஊருக்குள்ள அடி வாங்கித் தருவீங்க போல இருக்குதே?"

அவர் சிரிக்கவில்லை. "மொதலாளி, சட்டை புதுசா இருக்கும், சாப்பாடு இருக்காது. சிரிச்ச முகமா நிப்பாவ, உள்ள அடுப்பு எரியாது. காதுல என்ன கெடக்குன்னு பாத்தா அந்த வீட்டு வண்டவாளம் பூராவும் தெரிஞ்சிரும் பாத்துக்கிடுங்க" என்றார்.

தெற்குப் பக்கத்து ஆள். பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்து, தூசி ஒத்துக்கொள்ளாமல் இருமல் வந்து, அதை விட்டுவிட்டு என்னிடம் வந்தவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். பெயர் சம்பளப் பேரேட்டில் இருந்தது. அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.

என் கடை பெருமாநல்லூர் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருந்தது. முன்னால் கடை, பின்னால் வீடு. மிக்ஸி, கிரைண்டர், குக்கர், ஃபேன், கட்டில், பீரோ என்று எல்லாமே வாரத் தவணையில். சுற்றிலும் லைன் வீடுகள். ஒரே நடைக்கு இரண்டு பக்கமும் பத்துப் பத்து வீடு, கோடியில் ஒரு தண்ணீர்க் குழாய். குடியிருந்தவர்கள் எல்லாம் தெற்கேயிருந்தும் மேற்கேயிருந்தும் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். சனிக்கிழமை ராத்திரி கையில் சம்பளம் வரும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குள் அது கறிக்கடை, மளிகைக்கடை, வட்டிக்காரர் என்று கரைந்துவிடும். அதற்குள் போய் நிற்கிறவனுக்குத்தான் தவணை. அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் போய்விட்டு, அதே வெள்ளைச் சட்டையோடு ஏழரைக்கெல்லாம் என் மொபெட்டில் கிளம்பிவிடுவார். சர்ச்சில் அவர் சாமியைப் பார்த்தாரா, முன்வரிசைக் காதுகளைப் பார்த்தாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

காது விஷயம் எனக்கும் தெரியாததல்ல. கஷ்டம் வந்தால் பெண்கள் முதலில் கழற்றுவது தோட்டைத்தான். தாலிக்கொடி கடைசியில். தோடு அடகுக்கடைக்குப் போனால் துளை தூர்ந்துவிடக் கூடாதென்று ஒரு ஈர்க்குச்சியையோ வேப்பங்குச்சியையோ ஒடித்துச் செருகிக்கொள்வார்கள். குச்சி இருக்கிற காதுக்கு அண்ணாச்சி சரக்கு எழுத மாட்டார். எத்தனை கெஞ்சினாலும், "அடுத்த மாசம் பாப்பம் தாயி" என்பார். தோடு கிடக்கிற காதுக்கு, கேட்காவிட்டாலும் மிக்ஸியைக் காட்டிவிட்டு வருவார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் தவணை வாங்குவதற்கு முன்னால், "தாயி, குடிக்கத் தண்ணி கொஞ்சம் குடுங்க" என்று கேட்பார். மார்கழிக் குளிரிலும் கேட்பார். சொம்பு வந்தால் ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒருமுறை கூடவே போனபோது எண்ணினேன், இருபது வீட்டில் இருபது சொம்பு. சர்க்கரை வியாதி இருக்குமோ, ஆஸ்பத்திரிச் செலவுக்கு நம்மிடம்தான் வந்து நிற்பாரோ என்று பயந்தேன். ஆனால் ஆறு வருடத்தில் என் வீட்டில் மட்டும் அவர் தண்ணீர் கேட்டதில்லை. என் மனைவி கலாமணி தானாக மோர் கொடுத்தால்கூட, "இருக்கட்டும்மா, வயிறு நெறைஞ்சிருக்கு" என்று சொல்லிவிடுவார். நம் வீட்டுச் சொம்பு மட்டும் அவருக்கு ஆகாதோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கடுப்பு.

சந்தேகம் வேர்விட்டது ஒரு பிரசவத்தில். லைன் வீட்டில் ஆறாம் நம்பரில் ஒரு பெண், முதல் குழந்தை. அரசாங்கம் அப்போது பிரசவத்துக்கு உதவித்தொகை கொடுத்தது. அந்தப் பெண் என் கடையில் ஏற்கெனவே ஒரு டேபிள் ஃபேனைப் பார்த்து, "பணம் வந்ததும் எடுத்துக்கறேன்ணா, புள்ளைக்கு வேர்க்குது" என்று சொல்லி வைத்திருந்தாள். நான் அந்த ஃபேனைத் தனியாக எடுத்து, தூசி படாமல் துணி போட்டு மூடி வைத்தேன். செக் வந்தது எனக்கும் தெரியும், பேங்க் வாசலில் அவளைப் பார்த்தேன். ஃபேனுக்கு ஆள் வரவில்லை. ஒரு வாரம் பொறுத்து அண்ணாச்சியைக் கேட்டேன்.

"அந்தப் பணம் அன்னைக்கே அடகுத் தோட்ட மீக்கப் போயிட்டு மொதலாளி. மிச்சம் மளிகைக் கடை பாக்கிக்கு."

"அவளா போனாளா, நீங்க சொல்லிப் போனாளா?"

"நாந்தான் கூடப் போனேன்" என்றார், காபி குடிக்கப் போனேன் என்று சொல்வதுபோல. "மொதல்ல காது, பொறவு கடை. அப்பத்தான் நமக்கு நல்லது."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? என் சம்பளம் வாங்குகிற ஆள், என் கடைக்கு வரவேண்டிய பணத்தைக் கையைப் பிடித்து அடகுக்கடையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறார். அதை என்னிடமே சொல்கிறார். அவர் சொன்ன நியாயம் இது. காதில் தங்கம் கிடக்கிறவள், கம்பெனியில் வேலை இல்லாத வாரத்தில் அதை மறுபடி வைத்து என் தவணையைக் கட்டுவாள். வெறும் காதோடு இருக்கிறவள், இரண்டு வாரம் சேர்ந்தாற்போல வேலை இல்லையென்றால் மிக்ஸியை மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறிவிடுவாள். கேட்கச் சரியாகத்தான் இருந்தது. நன்றாகப் பேசத் தெரிந்தவன் சொல்கிற நியாயம் எல்லாமே கேட்கச் சரியாகத்தான் இருக்கும். அந்த ஃபேனைச் சித்திரை வெயிலில் வேறு யாருக்கோ விற்றேன்.

அதற்கப்புறம் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அடகுக்கடைப் படியிலிருந்து அவர் இறங்குவதைப் பார்த்தேன். பின்னாலேயே கடைக்காரர் வந்து, மடித்த காகிதம் ஒன்றை அவர் சட்டைப் பையில் வைத்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து கலாமணியிடம் சொன்னேன்.

"கமிஷன் வாங்கறாரு. தெரிஞ்சு போச்சு."

"ஏனுங்க, உங்க கண்ணுக்கு எல்லாரும் திருடனாத்தான் தெரிவாங்களா?" என்றாள் அவள். "ஒரு காகிதத்தக் குடுத்தாக் கமிஷனுங்களா? நீங்க போயிக் கேட்டுப் போடுங்க, மனசுல வெச்சுப் பொகையாதீங்க."

நான் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு நியாயம் சொல்வார். அதுவும் சரியாக இருந்து தொலைக்கும்.

அரசாங்க ஊழியர்களுக்குச் சம்பளம் ஏற்றி, பழைய பாக்கியையும் சேர்த்துக் கொடுத்த வருடம் இன்னொரு கூத்து நடந்தது. எங்கள் தெருவில் இரண்டு வீடு. ஒன்று வாத்தியார் வீடு, புருஷன் பெண்டாட்டி இருவருமே வாத்தியார்கள், சொந்த வீடு, ஒருவருக்கும் ஒரு காசு பாக்கியில்லை. இன்னொன்று கரண்ட் ஆபீஸ் லைன்மேன் வீடு. இருவருக்கும் அரியர்ஸ் வருகிறதென்று தெரிந்ததும் தட்டில் பழம் வைத்து, ஃப்ரிட்ஜ் படம் போட்ட நோட்டீஸையும் வைத்துக் கலாமணியை அனுப்பினேன். அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, "வாத்தியார் வீட்டுக்குப் போதும் மொதலாளி, லைன்மேன் வீட்டுல பழத்த வீணாக்காதிய" என்றார். லைன்மேன் வீட்டம்மா காதில் என்னமோ பளிச்சென்று தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. நான் இரண்டு ஃப்ரிட்ஜ் இறக்கினேன்.

வாத்தியார் வீட்டில் ஃப்ரிட்ஜும் எடுத்தார்கள், வாஷிங் மெஷினும் எடுத்தார்கள், போகிறபோது ஒரு அயர்ன் பாக்ஸும் எடுத்தார்கள். லைன்மேன் வீட்டில் பழத்தைத் தின்றார்கள். தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிய சொசைட்டிக் கடன், ஆபீஸ் சிநேகிதர்களிடம் கைமாற்று என்று வந்த பணம் வந்த சூட்டிலேயே போய்விட்டதாம். பாவம், நல்ல மனிதர், என்னைக் கண்டால் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார்.

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே கவருமெண்டுதான் குடுக்கு" என்றார் அண்ணாச்சி. "ஒரு வீட்டுல பணம் வாசல் வழியா உள்ள வருது. இன்னொரு வீட்டுல வர்றதுக்கு முன்னாடியே ஆளு வந்து வாசல்ல நிக்கான். அவன் வாங்கிட்டுப் போயிருதான். காதப் பாத்தியளா மொதலாளி?"

"பாத்தேனே, தோடு இருந்துச்சே!"

"இருந்துச்சு" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை. இந்த அரைகுறைப் பேச்சுதான் எனக்குப் பிடிக்காதது. தெரிந்ததைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? இரண்டாவது ஃப்ரிட்ஜ் எட்டு மாதம் கடையில் நின்றது. நாங்களே அதில் மாவு வைத்துக்கொண்டோம்.

பிறகு அந்தக் கெட்ட வருடம் வந்தது. வெளிநாட்டில் என்னவோ பேங்க் விழுந்ததாம், இங்கே ஆர்டர் நின்றது. இரண்டு ஷிப்ட் ஓடியவன் ஒன்று ஓட்டினான். ஒன்று ஓட்டியவன் வாரத்துக்கு நாலு நாள் ஓட்டினான். ஜனங்கள் கையில் பணம் புழங்க வேண்டுமென்று டெல்லியில் வரியைக் குறைத்தார்கள். மிக்ஸி, ஃப்ரிட்ஜ், டிவி எல்லாம் விலை இறங்கியது. கோயமுத்தூரிலிருந்து டீலர் ஆபீஸ் ஆள் ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்தார்.

"சார், கவர்ன்மென்ட்டே வெலையக் கொறைச்சுக் குடுக்குது. இப்ப ஸ்டாக் பண்ணுனாத்தான் உண்டு. வரி மறுபடி ஏறுச்சுன்னா எல்லாம் லாபம் சார்" என்றார். எனக்கும் அது சரியென்று பட்டது. இரண்டு லாரி சரக்கு. கையிலிருந்த பணம் பாதிக்குக்கூடக் காணாது. மீதிக்குக் கலாமணியின் நகைதான். அவள் அப்பா போட்ட பதினெட்டுப் பவுன், தோடு உட்பட.

அவள் மறுக்கவில்லை. "அண்ணாச்சிய ஒரு வார்த்த கேட்டுப் போட்டுச் செய்யுங்க" என்று மட்டும் சொன்னாள். அதுவே எனக்குக் கோபம். கடை யாருடையது? ஆனாலும் கேட்டேன்.

அவர் வசூல் அட்டைகளை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார். "எறக்காதிய மொதலாளி. மிக்ஸிக்கு நூத்தம்பது ரூவா கொறைஞ்சிருக்கு, செரிதான். மிச்ச ஆயிரத்து அறுநூறு அவ கையில இருந்தாத்தான அந்த நூத்தம்பது அவளுக்கு லாபம்? கையிலயே இல்லாதவளுக்கு எவ்வளவு கொறைச்சா என்ன?"

"வாரம் அம்பது ரூபாய்தானுங்களே கட்டப் போறாங்க?"

"அந்த அம்பது எங்க இருக்கு? முன்னால எடுத்ததுக்கே இழுத்துக்கிட்டுக் கெடக்கு. லைன் வீட்டுல காதெல்லாம் காலி மொதலாளி. முக்கால்வாசி வீடு. நாம் பாத்துட்டுத்தான் சொல்லுதேன்."

காதெல்லாம் காலி என்று சொன்னாரல்லவா, அதை நானே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவர் பூசையில் இருக்கிற நேரமாகப் பார்த்து, காலை ஆறரைக்கு லைன் வீட்டுக்குப் போனேன். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பத்துப் பதினைந்து பெண்கள் குடத்தோடு நின்றார்கள். காலை வெயில் முகத்தில் அடித்தது. எல்லார் காதிலும் தோடு மின்னியது. ஒரு காதில்கூடக் குச்சி இல்லை. நடுவில் வட்டம், சுற்றிலும் ஏழு கல், கீழே சின்னத் தொங்கல். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் அதே ஏழு கல், அதே தொங்கல். அழகாக இருந்தது என்றுகூட நினைத்தேன். ஆறாம் நம்பர்ப் பெண் என்னைப் பார்த்து, "என்னண்ணா, ஃபேனக் கொண்டாந்திருக்கீங்களா?" என்று சிரித்தாள். அவள் காதிலும் அதே தோடுதான்.

ஆகவே ஆள் பொய் சொல்லியிருக்கிறார். ஜனங்களிடம் பணம் இருக்கிறது, தங்கம் இருக்கிறது. என் கடைக்கு வராமல் அடகுக்கடைக்கு வட்டி கட்ட வைக்கத்தான் இந்த நாடகம். வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தேன். ஏழரைக்கு அவர் பை எடுக்க வந்தபோது வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன்.

"அடகுக்கடையில உங்களுக்கு எவ்வளவு கமிஷனுங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"காதெல்லாம் காலின்னீங்க. நான் இப்பத்தான் போய்ப் பாத்துட்டு வாறேன். ஒரு காது காலியில்லைங்க. அத்தன காதுலயும் தோடு. ஆறு வருசமா என்ற உப்பத் தின்னுட்டு எனக்கே குழி பறிச்சிருக்கறீங்க."

கலாமணி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "ஏனுங்க, என்ன பேசறீங்க, பெரிய மனுசன!" என்றாள்.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எல்லாக் காதுலயும் ஒரே மாதிரித் தோடா இருந்துச்சா மொதலாளி?"

"எப்படி இருந்தா உங்களுக்கென்னங்க?" என்றேன்.

மொபெட் சாவியை மேஜைமேல் வைத்தார். அட்டைகள் இருந்த தோல்பையை அதன் பக்கத்தில் வைத்தார். அந்த மாதம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது, சம்பளம் பாக்கி. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கலாமணியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். அப்போதும் அவள் காதை ஒரு நொடி பார்த்தார், நான் கவனித்தேன்.

நகை அடகுக்குப் போனது, சரக்கு இறங்கியது. அட்டைப்பெட்டிகளைக் கூரை வரைக்கும் அடுக்கினோம். நாங்கள் படுக்கிற அறையில்கூட ஆறு கிரைண்டர். "அரசே குறைத்த விலை" என்று துணியில் எழுதிச் சந்து முனையில் கட்டினேன். வந்தார்கள். விலை கேட்டார்கள். "பரவால்லையே, எறங்கியிருக்குதே" என்றார்கள். மூடியைத் திறந்து பார்த்து, மூடிவிட்டுப் போனார்கள். வசூலுக்கு நானே மொபெட்டில் போனேன். பாதி வீட்டில், "அடுத்த வாரம் சேத்துத் தாறேன்ணா." மூன்று வீட்டில் பூட்டு. அந்த மூன்று மிக்ஸியும் இந்நேரம் எந்த ஊரில் சட்னி அரைக்கிறதோ. நாலாவது மாதம் ஒரு பெண் எங்கள் மிக்ஸியையே துணியில் கட்டிக் கொண்டுவந்து, "இத எடுத்துக்கிட்டு எவ்வளவாவது குடுங்கண்ணா" என்று நின்றாள்.

அடுத்த கடை ஃபேன்ஸி ஸ்டோர். அதன் முதலாளி ஒருநாள் என் கடையில் வந்து உட்கார்ந்து பெட்டிகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "உங்களுக்காச்சும் வியாபாரம் எப்படிங்க?" என்று கேட்டேன்.

"எங்கீங்க? ஷிப்ட்டு நின்ன சமயத்துல கவரிங் தோடு மட்டும் போச்சுங்க. ஏழு கல் வெச்சு, கீழ தொங்கல் வெச்சது. ஜோடி அறுபது ரூபா. நாலு டஜன் ஒரே வாரத்துல காலி. கேட்டா, குச்சி போட்டுட்டு நின்னா எவனும் கைமாத்துக் குடுக்க மாட்டேங்கறான்னு சொல்றாங்க. வட்டிக்காரனுங்கல்லாம் காதப் பாக்கப் பழகீட்டானுங்களாம்."

குழாயடியில் பார்த்த காதுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. தங்கத் தோடு என்றால் ஒவ்வொருத்திக்கும் அவள் அப்பன் செய்துபோட்டது, ஒவ்வொன்றும் ஒரு தினுசு. அத்தனை காதிலும் ஒரே தோடு கிடந்தால் அது தங்கமாக இருக்குமா? இது ஒரு சின்னக் குழந்தைக்குத் தெரியும். சந்தேகம் சந்தேகம் என்று ஊரையே சந்தேகப்பட்டவன், சந்தேகப்பட வேண்டிய ஒரே இடத்தில் வாயைப் பிளந்துகொண்டு நம்பியிருக்கிறேன்.

அன்றைக்குத்தான் அந்தத் தோல்பையின் பக்கவாட்டு அறையைத் திறந்தேன். மடித்த காகிதம் ஒன்று இருந்தது. அடகுக்கடைக்காரர் கையெழுத்தில் வீட்டு எண்கள், பக்கத்தில் பென்சிலால் அண்ணாச்சியின் குறிப்பு. ஒன்று, குச்சி. இரண்டு, கவரிங். மூன்று, இருக்கு. நாலு, கவரிங். எந்த வீட்டுத் தங்கம் எங்கே இருக்கிறதென்று முழு விவரமும் வாராவாரம் வாங்கி வந்திருக்கிறார். என் சரக்குக்குக் காவலாக. அடகுக்கடைக்காரர் இதைச் சும்மா கொடுத்திருப்பாரா, பதிலுக்கு இவர் என்ன கொடுத்தார், அது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் என்னை உலுக்கியது அதுவல்ல. கடைசி வரியில், அவருடைய எழுத்தில், "முதலாளி வீடு, இருக்கு" என்று எழுதியிருந்தது.

எங்கள் வீட்டையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் அவரைச் சந்தேகப்பட்ட ஆறு வருடமும் அவரும் என்னை ஒவ்வொரு வாரமும் சரிபார்த்திருக்கிறார். அவமானமாக இருந்தது, கோபமும் வந்தது. கூடவே, ஒரு ஆள் நம்மை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாரே என்று ஒரு ஏக்கமும் வந்தது. அதை அப்போது நான் ஒத்துக்கொள்ளவில்லை.

வேலையை விட்டுப் போய் ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவர் வந்தார். அதே வெள்ளைச் சட்டை. ஆள் கொஞ்சம் இளைத்திருந்தார். வாசலிலேயே நின்றார்.

"சம்பள பாக்கி ஒண்ணு இருந்துச்சு மொதலாளி. மகளுக்குப் பரீச்சைப் பணம் கட்டணும். அதான் வந்தேன்."

"உள்ள வாங்க அண்ணாச்சி" என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், அதை விட்டுவிட்டு மேஜைப் பக்கம் போனேன். அன்றைக்குக் காலையில் வசூலான பணம் அதில் இருந்தது. எண்ண ஆரம்பித்தேன். கலாமணி உள்ளேயிருந்து வந்து, "வாங்க அண்ணாச்சி, நல்லா இருக்கறீங்களா?" என்றாள். பதினெட்டுப் பவுனும் போய், அவள் காதில் ஏழு கல் வைத்த தோடு கிடந்தது. பக்கத்துக் கடையில் வாங்கியதுதான்.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வழக்கம்போல ஒரு நொடி காதைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் சொன்னார்.

"தாயி, குடிக்கத் தண்ணி கொஞ்சம் குடுங்க."

எண்ணிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. ஆறு வருடத்தில் எங்கள் வீட்டில் அவர் கேட்காத தண்ணீர். கலாமணி சந்தோஷமாக, "இருங்க, மோராக் கொண்டாரேன்" என்று திரும்பினாள். திரும்பியபோது கொண்டைக்குக் கீழே அவள் காதின் பின்புறம் தெரிந்தது. தோட்டின் திருகாணி கறுத்துப்போய், அதைச் சுற்றித் தோலில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். இருபது வீட்டில் இருபது சொம்பு தண்ணீர் எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தோட்டின் முகம் எல்லாரையும் ஏய்த்துவிடும். திருகாணியைப் பார்க்க வேண்டுமானால் அந்தப் பெண் ஒருமுறை உள்ளே திரும்பியாக வேண்டும்.

மோர் வந்தது. ஒரு வாயோடு திருப்பிக் கொடுக்கவில்லை. முழுவதையும் குடித்தார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சம்பளம் இருக்கட்டும் மொதலாளி."

"இல்லீங்க அண்ணாச்சி, பணம் இருக்குதுங்க. இதோ எண்ணீட்டேன். வாங்கிக்குங்க."

"இருக்கு, பாக்குதேன். அது வேற எடத்துக்குப் போவ வேண்டிய பணம். மொதல்ல அத முடிங்க. நான் பொறவு வாறேன்."

நான் நோட்டுகளை நீட்டிக்கொண்டே நின்றேன். பரீச்சைப் பணத்துக்கு என்ன செய்வார் என்றுகூட நான் கேட்கவில்லை. அவர் படியிறங்கி, வெயிலில் சந்து முனை வரைக்கும் நடந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அது இரக்கமா, இல்லை எனக்குப் போட்ட தீர்ப்பா என்று பல நாள் யோசித்தேன். குச்சிக் காதுக்காரிகளிடம், "அடுத்த மாசம் பாப்பம் தாயி" என்று சொல்வாரே, அந்தக் குரல்தான் அது. என்னையும் அந்த வரிசையில் நிறுத்திவிட்டுப் போனார்.

அந்தப் பணத்தைக் கலாமணி என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். செருப்பைப் போட்டுக்கொண்டு அடகுக்கடைக்குப் போனாள். தோடு மட்டும் அன்றைக்கு வந்தது. மற்றதெல்லாம் மீட்க மூன்று வருடம் ஆனது, சரக்கைப் பாதி விலைக்குத் தள்ளியும்.

அவர் வரவில்லை. அவர் இருந்த வீட்டுக்குப் போய் விசாரித்தேன், காலி செய்துவிட்டுப் போய் மாதக்கணக்காகிறது என்றார்கள். மகள் பரீச்சை எழுதினாளா என்றுகூடத் தெரியாது. அடகுக்கடைக்காரரிடமும் கேட்டேன். "நல்ல மனுசனுங்க" என்பதற்குமேல் அவர் வாயைத் திறக்கவில்லை. பேரேட்டில் அவர் பெயருக்கு நேராக ஒரு மாதச் சம்பளம் இன்னும் பாக்கி நிற்கிறது. அவ்வளவு பாக்கியை வைத்துக்கொண்டு ஒருவர் பெயரை எழுதக் கூசுகிறது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் மொபெட் சத்தம் கேட்டால் கலாமணி செய்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுந்து வருவாள். வருகிறபோதே கை காதுக்குப் போகும், தோட்டைத் திருகி நேராக்கிக்கொள்வாள். ஒருநாள் கேட்டேன், எதற்கு இப்படி ஓடி வருகிறாய் என்று.

"அந்த மனுசன் வந்தாப் பாக்கட்டும்னுதானுங்க" என்றாள். "இப்பத் தங்கம்தான் கெடக்குதுன்னு தெரிஞ்சாத்தானே காச வாங்குவாரு? தண்ணி கேட்டா, நான் நல்லாத் திரும்பி நின்னு காட்டறேன்."